சுவருக்குக் காது குத்திய கதை

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் ஓரிடத்தில் ஒழுங்காக இருந்ததாக ஞாபகமில்லை. வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே அப்பாவின் அறைக்குப் போவேன். அங்கே சுவரில் ஒரு சின்ன வெப்பமானி தொங்கவிட்டிருந்தேன். பதின்மூன்று டிகிரி. ஹோலுக்கு வந்து அங்கே தொங்குவதைப் பார்ப்பேன். இருபத்திரண்டு. ஒரே வீடு, நடுவில் ஒரேயொரு சுவர், ஒன்பது டிகிரி வித்தியாசம்! "கோதாரி பிடிச்ச வீடு" என்று புறுபுறுத்துக்கொண்டு குசினிக்குப் போவேன். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மறுபடியும் போய்ப் பார்ப்பேன்.

"நீ எட்டி எட்டிப் பாத்தா அது வெக்கத்தில ஏறுமெண்டு நினைக்கிறியோ?" என்பார் என் கணவர். அவருக்கு எல்லாம் பகிடி.

எனக்குப் பகிடியாக இல்லை. அப்பா வைகாசியில், பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் குளிர் தொடங்குகிற நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். ஆவணிக் கடைசியில் திரும்பிப் போக டிக்கெட். அம்மா போன பிறகு அங்கே தனியாக இருந்தவர். ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் காணும் வரைக்கும் ஒரு மத்தியானம் முழுக்க அப்படியே கிடந்திருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவரை இனித் தனியே விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். விசாவை நீட்டுவதற்கான பத்திரங்களை நிரப்பி, அவர் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளும் ஒட்டி, மேசையில் வைத்திருந்தேன். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"என்னப்பா, யோசிச்சீங்களோ?"

"பாப்பம் பிள்ளை. குளிராக் கிடக்கு."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். சரி, குளிர்தானே தடை, அதை ஒரு கை பார்ப்போம் என்று நான் கிளம்பினேன். நான் அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன்.

நாங்கள் மல்கிரேவில் வாங்கியது பழைய வீடு. சூடாக்கி ஹோலில் மட்டும்தான். அப்பாவின் அறை தெற்குப் பக்கம், இந்த நாட்டில் அந்தப் பக்கம் மருந்துக்கும் வெயில் வராது. தனியாக ஒரு எண்ணெய்ச் சூடாக்கி வாங்கிக் கொடுத்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் பிளக்கைக் கழற்றிவிடுவார். "கறன்ற் சும்மா போகுது" என்பார். கதவைத் திறந்து விடுங்கோ, ஹோல் சூடு உள்ளே வரும் என்றால் அதற்கும் மாட்டார். மருமகன் கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்க்கும்போது, எதிரே தான் சாரத்தோடு கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருப்பதா? அது மரியாதையில்லையாம். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு சுவெற்றர், குரங்குத் தொப்பி, சாரத்துக்குக் கீழே காலுறை என்று உள்ளே விறைத்துக்கொண்டு கிடந்தார். கதவைத் தட்டி "குளிருதோ?" என்று கேட்டால் "சீச்சீ" என்பார். கையெழுத்து என்று வாயெடுத்தால் மட்டும் குளிர் வந்துவிடும்.

சுவரில் வைக்கும் விசிறியைப் பற்றி வேலையிடத்தில் ஒரு பெண் சொன்னாள். இரண்டு அறைக்கும் நடுச்சுவரில், கூரைக்குக் கிட்ட வட்டமாக ஓட்டை வெட்டி, குழாய்க்குள் ஒரு சின்ன விசிறியைப் பொருத்திவிடுவார்கள். கதவு பூட்டியே கிடக்கலாம், மரியாதையும் கெடாது. அன்றைக்கே டண்டினொங்கில் ஒரு மின்வேலைக்காரத் தம்பியைப் பிடித்தேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை. வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஹால்ல மேல தேங்கி நிக்கிற சூட்டை இது இழுத்து அந்தப் பக்கம் தள்ளிடும்க்கா. கதவுக்குக் கீழ மட்டும் ரெண்டு விரல் சந்து இருக்கணும், அந்த ரூம் குளிர்காத்து திரும்பி வர்றதுக்கு. அப்புறம் ஒண்ணு, சத்தம் வரும். பரவாயில்லையா?"

"விசிறி எண்டாச் சத்தம் போடாதோ? அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், தம்பி. அது பிரச்சினையில்லை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் தேத்தண்ணி போடப் போய்விட்டேன். அப்பாவுக்குக் காது மந்தம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பத்திரத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்கு மூன்றாம் தரம்தான் கேட்கும். குசினிக்குள் நின்று "மீன் பொரிக்கட்டோ" என்று முணுமுணுத்தால் முதலாம் தரமே கேட்டுவிடும். இதில் நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. விளங்கவில்லை.

முதல் கிழமை விசிறி அற்புதமாக வேலை செய்தது. வெப்பமானி பத்தொன்பதைத் தொட்டது. அப்பா குரங்குத் தொப்பியைக் கழற்றினார், ஒரு சுவெற்றரையும் கழற்றினார். சனிக்கிழமை பின்னேரம், நான் கேட்காமலே, மேசையடிக்கு வந்து பத்திரங்களைப் புரட்டி, "எவடத்தில பிள்ளை கையெழுத்து வைக்கிறது?" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஆனால் நான் செய்த வேலையைப் பாருங்கள். "நாளைக்கு வைப்பம் அப்பா. காலமை தம்பி எடுப்பான், அவனிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வைப்பம்" என்றேன். என் தம்பி டொரன்ரோவில் இருக்கிறான். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் எடுப்பான். ஹோலில் சூடாக்கிக்குப் பக்கத்தில் இருந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, மாப்பிசைந்தபடி அவனோடு கதைப்பது என் வழக்கம்.

ஞாயிறு கதைத்தோம். திங்கள் நான் வேலையால் வந்து பார்த்தால் வெப்பமானி பதினான்கு. அப்பா தொப்பியோடு இருந்தார்.

"பேனை தரட்டோ அப்பா?"

"பாப்பம் பிள்ளை. குளிராக் கிடக்கு."

ஐயோ, எனக்கு வந்த விசர்! விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன், நிறுத்தி மறுபடி போட்டேன். நாற்காலியில் ஏறி ஹோல் பக்கத்து வாயில் கையை வைத்துப் பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு அந்த மின்வேலைக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, என்ன வேலையடாப்பா செய்து வைத்திருக்கிறாய் என்று கேளாத குறையாகச் சத்தம் போட்டேன். அவர் அப்பாவின் அறைக்குள் ஏணியை வைத்து ஏறி, மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டார்.

"அக்கா, யாரோ லுங்கியைச் சுருட்டி உள்ள அடைச்சு வெச்சிருக்காங்க. மோட்டார் எரியாம இருந்ததே பெருசு."

அப்பாவின் நீலக்கட்டம் போட்ட சாரம். கட்டிலில் இருந்த அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"என்னப்பா இது? கதிரையில ஏறினீங்களோ? விழுந்தா என்ன கதி? ஏன் பொத்தினீங்கள்?"

சாரத்தை வாங்கி உதறி மடித்தார். "விசிறியெல்லோ பிள்ளை. விசிறி எண்டாக் குளிருந்தானே."

அந்தத் தம்பி ஏணியில் நின்றபடியே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னே என்ன, எங்கள் ஊர் மனிதருக்கு விசிறி என்றால் வெக்கைக்கு வைப்பது. மாரியில் விசிறி வைத்துச் சூடு காட்டுகிறோம் என்றால் யார் நம்புவார்கள்? கோயிலில் சொன்னேன், வேலையிடத்தில் சொன்னேன், அடுத்த ஞாயிறு தம்பிக்கும் ஹோலில் இருந்து விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னேன்.

அப்பா அதன்பிறகு விசிறியைப் பொத்தவில்லை. அறை சூடானது. ஆனால் கையெழுத்து மட்டும் வரவில்லை. வேறொரு பழக்கம் வந்தது. ஞாயிறு காலையில் என் போன் அடிக்க முன்னமே ஜாக்கெற்றைக் கொழுவிக்கொண்டு, "நடந்திட்டு வாறன் பிள்ளை" என்று வெளியே போய்விடுவார். தூறினாலும் போவார். மனிதருக்கு இடம் பிடிபட்டுவிட்டது, இனிக் கையெழுத்தும் வைப்பார் என்று நான் சந்தோஷப்பட்டேன். பாருங்கள் என் புத்தியை!

ஆடிக் கடைசி ஞாயிறு. அவர் நடக்கப் போயிருந்தார். தம்பி எடுக்க இன்னும் நேரமிருந்தது, அதற்குள் அவருடைய கட்டில் விரிப்பை மாற்றுவோம் என்று அறைக்குள் போனேன். குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்தினேன். விரிப்பை உதறும்போது என் காதுக்குள் என் கணவரின் குரல் கேட்டது. "இந்த ரிமோட்டை எந்தக் குரங்கு எடுத்தது?" திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அறையில் யாருமில்லை. தேத்தண்ணிக் கோப்பைக்குள் கரண்டி சுற்றும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு என் போன் ஹோலில் அடித்தது. என் கணவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ அத்தான், அக்கா எங்க? அப்பாவின்ர முடிவென்ன?"

தம்பியின் குரல். டொரன்ரோவில் இருந்தவன் என் தலைக்கு மேல் வந்து நின்று கேட்ட மாதிரி இருந்தது. தலையணை உறையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் இருந்துவிட்டேன். சத்தம் வரும் என்று அந்த மின்வேலைக்காரத் தம்பி சொன்னது விசிறியின் சத்தத்தை அல்ல.

சுவருக்கும் காதுண்டு என்பார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்கு நானே ஆள் பிடித்து, தேத்தண்ணியும் கொடுத்து, காது குத்துவித்திருந்தேன்.

நாட்களை எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. விசிறி வைத்து முதலாவது ஞாயிறு. அப்பா கையெழுத்து வைக்கக் கேட்டதற்கு மறுநாள். "நல்லா யோசிச்சுத்தான் செய்யிறியோ அக்கா? பிறகு ஏலாதெண்டு சொல்லக்கூடாது" என்று தம்பி கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அன்றைக்கு முதல்நாள் இரண்டு பேரின் வேலையை ஒருத்தியாகச் செய்துவிட்டு வந்திருந்தேன்.

"உனக்கென்ன, அங்க இருந்து புத்தி சொல்லுவாய். அங்கயும் வயது போனதுகளைத் தூக்கி இருத்திப்போட்டு வந்து, இஞ்சயும் அதே சேவகம். மனுசன் வந்த நாளில இருந்து எனக்கு நித்திரையில்லை. அவர் பிளேன் ஏறினாத்தான் நான் ஒரு நித்திரை கொள்ளுவன்."

இப்படியே, இதே சொற்கள். அது பொய் என்று இங்கே எழுதினால் அதுதான் பொய். சொன்ன நிமிடத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. அதன்பிறகு அழுதேன். அழுது முடித்து, "இல்லையடா, அவர் நிக்கட்டும். அவரை அனுப்பிப்போட்டு என்னால இருக்க ஏலாது" என்றும் சொன்னேன். ஆனால் அந்தப் பின்பாதி வருவதற்குள் அவர் சாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறியிருப்பார். எழுபத்தாறு வயது மனிதர், நான் சொல்வது மேற்கொண்டு காதில் விழக்கூடாதென்று குளிரைத் தெரிந்தெடுத்திருக்கிறார். நான் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அப்பா மூக்குச் சிவக்க வந்தார். "கதைச்சு முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் ஹோலில் மேலும் கீழும் நடந்தேன். கதவைத் தட்டி முகத்துக்கு நேரே நின்று கேட்க எனக்குத் துணிவில்லை. என் கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். நான் கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு ஏறி, விசிறியின் வாய்க்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனேன். சத்தம் போடவில்லை. மீன் பொரிக்கட்டோ என்று கேட்கிற அளவில்தான் சொன்னேன்.

"அப்பா, அண்டைக்கு நான் சொன்னது முழுக்கக் கேட்டனீங்கள் என்ன. அப்பா, போகாதேங்கோ. இஞ்ச நில்லுங்கோ."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. செருப்பு இழுபட்டுச் சுவரடிக்கு வந்து நின்றது. என்ன சொன்னனீ என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"நான் நிண்டா," என்றார், "நீ எப்ப பிள்ளை நித்திரை கொள்ளுறது?"