மேற்படி மன்னிப்பு

ஏட்டய்யா ஓய்வுபெற்று ஸ்டேஷன் படியிறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே மாடியில் காவல்துறையையும் பத்திரிகைகளையும் பற்றி ஒரு கண்காட்சி இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு செவ்வாயும் தவறியதில்லை.

நுழைந்ததும் சீருடை மாட்டிய பொம்மையை மேலும் கீழும் பார்ப்பார். "விசில் கயிறு தோள் மாறிக் கெடக்கு. இவன எவன் வேலைக்குச் சேத்தான்?" டிக்கெட் கொடுக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாற்றி மாட்டுவாள். கண்ணாடிப் பெட்டியை யாராவது தொட்டுவிட்டால் தொலைந்தார்கள். "கைரேகை பதியுது, எடுங்க கைய!"

கடைசிப் பெட்டிக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். உள்ளே நசுங்கிய கேமரா ஒன்று. 'நிருபர் ஒருவரின் கேமரா. ஊர்வலத்தில் காவலர் ஒருவரால் உடைக்கப்பட்டது' என்கிறது அட்டை.

"அந்தக் காவலர் நாந்தாம்மா," என்று ஒருநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னார். "மேலதிகாரி சொன்னாருன்னு தப்பிச்சுக்கலாம். லத்திய ஓங்குன கை என்னோடதுதான? அந்த நிருபர் தன் தலையில ரத்தம் வந்ததக்கூடப் பாக்கல. தரையில உக்காந்து ஒவ்வொரு துண்டா பொறுக்கிட்டிருந்தாரு."

நிருபரின் முகவரியைக் கேட்டதற்கு அருங்காட்சியக அலுவலகத்தில் கொடுக்க மறுத்துவிட்டார்கள். "கேமராவ இங்க குடுத்ததே அவருதான், எப்பவாச்சும் வருவாரு. பார்வையாளர் பதிவேட்டுல எழுதி வைங்கய்யா," என்றாள் அவள். எழுதினார்: 'மேற்படி கேமராவை மேற்படி ஊர்வலத்தில் உடைத்த நபர், கீழே கையொப்பமிட்டுள்ள நானே. மேற்படி நிருபரிடம் மன்னிப்புக் கோருகிறேன்.' அடியில் செல்போன் எண்.

"ஐயா, இது மன்னிப்பா, குற்றப்பத்திரிகையா?"

"முப்பத்தி மூணு வருஷம் இப்படியே எழுதிப் பழகிடுச்சு. நீ வேணா நல்லா எழுதிக் குடேன்."

"வேணாம்யா. இதுவே இருக்கட்டும்."

பதினோரு மாதம் ஒரு தகவலும் இல்லை. "கோவம் ஆறியிருக்காது. நியாயந்தான," என்று தானே சொல்லிக்கொள்வார். போன வாரம் அவர் போனுக்கு நிருபரிடமிருந்து செய்தி வந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் டிக்கெட் பெண்தான் படித்துக் காட்டினாள்: 'பதிவேட்டைப் பார்த்தேன். அடுத்த செவ்வாய் வர்றேன். டீ உங்க செலவு.' மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இந்தச் செவ்வாய், கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார். கேமராவுக்கு எதிரே உள்ள பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். கூடத்தில் வேறு ஆளே இல்லை. இருந்தும் கைக்குட்டையை எடுத்து, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, பக்கத்து இடத்தில் விரித்துப் போட்டார்.