முதல் பக்கத்தில் நடந்தது

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் யாளியும் வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியில் ஏற்றுவார்கள். அதே கம்ப்யூட்டரில், அதே கையால் காமிக்ஸ் வரைவது என் வியாதி. இத்தனை வருஷத்தில் எந்தச் சேலையிலும் யாரும் என் பெயரைப் போட்டதில்லை. காமிக்ஸில் போட்டார்கள். அந்த மயக்கத்தில்தான் வரையக்கூடாததை வரைந்தேன்.

நான் வரைவது ஒரே ரகம். நடந்த சரித்திரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்ப்பது. எங்கள் ஊரில் இதற்குச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. காஞ்சியை ஜெயித்த சாளுக்கிய ராஜா கோயில் பொன்னைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான் என்று கைலாசநாதர் கோயில் தூணில் கல்வெட்டு இருக்கிறது. தொட்டிருந்தால்? புள்ளலூர் வயலில் மைசூர்ப் படை வெள்ளைக்காரனை நொறுக்கியது, ஆனால் சென்னை வரை துரத்திக்கொண்டு போகவில்லை. போயிருந்தால்? முதல் கதையில் ஊரே சாம்பலாகும். இரண்டாவதில் கும்பினிக்காரன் பத்து மடங்கு கப்பலோடு திரும்பி வந்து பாலாற்றங்கரை முழுக்கக் கொளுத்துவான்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து போனில் ஒரு காமிக்ஸ் பக்கம் நடத்துகிறோம். எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் பக்கத்தின் மேலே ‘நடந்தது’ என்று எழுதி, நடந்ததை ஒரு முடிகூட மாற்றாமல் வரைய வேண்டும். இரண்டாம் பக்கத்தில் ‘நடந்திருந்தால்’. அங்கிருந்து எல்லாம் இழவுதான். மாற்றியதால் நன்றாகப் போயிற்று என்று வரைந்தால் யாரும் பார்ப்பதில்லை. ரத்தம் கொட்டினால் ‘செம டார்க் ப்ரோ’ என்று வந்து குவியும். படித்து முடிக்கிறவனுக்கு ஒரு நிம்மதி, அப்பாடா, நமக்கு நடந்ததே தேவலை என்று. அந்த நிம்மதியை ஊருக்கு விற்றுக்கொண்டிருந்தேன். அதிகமாக வாங்கிக் குடித்தவன் நான்தான்.

என் தங்கச்சி என்னைவிட மூன்று வயது சின்னவள். அவள் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தவன் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த காமிக்ஸ்களைச் சேர்ந்து வாங்கிச் சேர்ந்து படித்தோம். அவன் குடும்பம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவனுடைய தாத்தா காலத்தில் எங்கள் மாதிரி ஆட்களின் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். அவன் ஐடிஐ முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தான். எங்கள் வீட்டில் அவனுக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அது ஏன் என்று நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை. தங்கச்சிதான் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் அந்த டம்ளரில் காபி ஊற்றிக் குடித்தாள். அம்மா முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன். விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் தெரிந்ததும் சித்தப்பா வந்து கத்தினார். அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுதப் போவதில்லை. அப்பா கத்தவில்லை. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர், எந்தக் காகிதத்திலும் தானாக முடிவு எழுதிப் பழக்கமில்லாதவர். தங்கச்சி மேல் உயிரையே வைத்திருந்தார். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்த வரனும் கையில் இருந்தது. மூன்று நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, “அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாத்துடலாம். எது வருதோ அதுக்கு எல்லாரும் கட்டுப்படணும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அவன், சிவப்பு வந்தால் வாலாஜாபாத் என்று பேச்சு. சித்தப்பாகூட ஒத்துக்கொண்டார். அம்மனை எதிர்த்துப் பேச அவருக்குத் தைரியமில்லை. தங்கச்சி உடனே சரி என்றாள். அவளுக்கு அந்த அம்மன் மேல் அவ்வளவு நம்பிக்கை. அம்மன் எனக்குச் சொந்த அண்ணன் மாதிரி என்பாள். நான் ஒருத்தன் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வாள்.

பொட்டலம் மடிக்கிற வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். “உன் கைதான் பிசகாது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்பா. வித்தியாசம் தெரியக் கூடாது.”

கிராஃப் தாளைக் கிழித்து மடித்தேன். என் கை பிசகவில்லை. இரண்டிலும் செவ்வரளியை வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று கேட்டால், சாதிக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து, தங்கச்சியை யாராவது வெட்டிவிடுவார்களோ என்று பயந்து என்று பதினோரு வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மை அதைவிட அற்பம். அப்போது என் நிச்சயதார்த்தத்துக்கு இருபது நாள் இருந்தது. பெண் வீட்டார் நல்ல இடம். இந்த விஷயம் வெளியே போனால் அந்தச் சம்பந்தம் போய்விடும். அவ்வளவுதான்.

பூசாரியின் சின்னப் பெண் கையை விட்டு ஒன்றை எடுத்தது. அப்பா பிரித்தார். ஒன்றைப் பிரித்த பிறகு மற்றதை யாரும் பிரிக்க மாட்டார்கள். அது அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி. அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தங்கச்சி அழவில்லை. பிராகாரத்தைச் சுற்றாமல் நேராக வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவளோடு சண்டை போட்டது நாங்களாக இருந்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். அம்மனே சொன்னாள் என்றதும் தோற்றுப் போனாள்.

வாலாஜாபாத்தில் அவளை யாரும் அடிக்கவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் நாங்கள் போய் நியாயம் கேட்டு, கூட்டிக்கொண்டு வந்து, நல்லவர்களாகியிருப்போம். மாப்பிள்ளை பேசமாட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், உப்பு இல்லையென்றால் தட்டை நகர்த்துவார். டீச்சராக வேண்டும் என்று பி.எட். வரைக்கும் படித்தவளை, மில்லுக்கு வருகிற ஆட்களுக்கு டீ போட வைத்தார்கள். தீபாவளிக்குச் சீர் கொண்டு போகும்போதெல்லாம், “எப்படிம்மா இருக்க” என்று கேட்பேன். “இருக்கறேன்” என்பாள். என் நண்பன் வேலையை மாற்றிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டான். நான் போன் செய்ததில்லை. அப்பா இரண்டு வருஷம் முன்னால் இறந்துபோனார். கடைசிவரை அம்மன் வாக்கு என்றே நம்பினார்.

இதையும் காமிக்ஸாகப் போட்டேன். போன வருஷம், புதுக் கதை எதுவும் அகப்படாமல் கிடந்தபோது. ராஜாக்களை எரித்து எரித்து அலுத்திருந்தது. ஊர் பேர் எதுவும் இல்லாமல், ஒரு வீடு, ஒரு பெண், ஒரு கோயில். ‘நடந்தது’ என்ற முதல் பக்கத்தில், ஒரு கை இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ வைக்கிறது. ‘நடந்திருந்தால்’ என்ற இரண்டாம் பக்கத்தில், அதே கை ஒன்றில் வெள்ளையை வைக்கிறது. வெள்ளை வருகிறது. கல்யாணம் நடக்கிறது. எட்டாம் பக்கத்தில் பஸ் ஸ்டாப்பில் வைத்து இரண்டு பேரையும் வெட்டுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் அந்த அண்ணன், சிவப்பையே வைத்திருக்கலாமே என்று அழுகிறான்.

சட்டத்தின்படி முதல் பக்கத்தில் உண்மையைத்தான் வரைய முடியும் என்று வரைந்தேன். உண்மையை ஊர் நடுவில் வைத்தும் யாருக்கும் தெரியாது என்று ஒரு திமிரும் இருந்தது. வெட்டு விழுகிற பக்கத்தை எவ்வளவு ஆசையாக வரைந்தேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. அவள் சேலைக்குக் கரைகூடத் தனியாகப் போட்டேன். இதுவரை நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். சென்னையில் ஒருவர் புத்தகமாகவும் போட்டார்.

லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த தங்கச்சி மகள்தான் புத்தகத்தை எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறாள், மாமா வரைந்தது என்று பெருமையாக. ஒரு புதன்கிழமை மத்தியானம் தங்கச்சி பஸ் ஏறி வந்து நான் டிசைன் போடுகிற அறையில் நின்றாள். கையில் அந்தப் புத்தகம். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணா, மொதல் பக்கத்துல நடந்ததுன்னு எழுதியிருக்குதே, அது இன்னா?”

“எல்லாக் கதையிலயும் அப்படித்தாம்மா போடுவோம்.”

“புள்ளலூர் கதையும் படிச்சேன். அதுல மொதல் பக்கம் நிஜமா நடந்ததா?”

“ஆமா.”

“அந்த சாளுக்கிய ராஜா?”

“அதுவும் நடந்ததுதான்.”

“அப்ப இது மட்டும் எப்படி கற்பனையாவும்?”

கதைக்காக மாற்றினேன், சுவாரசியத்துக்காக என்று ஏதேதோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். அதில் இருந்த கை என் கை. இடது கட்டைவிரல் நகம் பிளந்திருப்பதைக்கூட விடாமல் வரைந்திருந்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. “பதினோரு வருஷமா அவளத் திட்டிக்கினு இருந்தேன்” என்றாள். யாரை என்று எனக்குப் புரியவில்லை. “அம்மனத்தான். நீ எனக்கு இன்னா பண்ணிட்டன்னு கேட்டு கேட்டு, கோயில் வாசப்படிகூட மிதிக்காம இருந்தேன். பாவம், அவ இன்னா பண்ணுவா.”

“மன்னிச்சிடும்மா. உன்ன எவனாவது ஏதாவது பண்ணிடுவான்னு பயந்துட்டேன். அப்படியெல்லாம் நடந்துக்கினுதான இருக்குது” என்றேன். அந்த நேரத்திலும் பொய்தான் வந்தது.

“நடக்குது. இல்லன்னு சொல்லல. நடந்திருந்தா அவங்கள கேட்டிருப்பேன். நீ எதுக்கு முந்திக்கினு என்ன சாவடிச்ச?” புத்தகத்தை மூடினாள். “வெள்ள வந்திருந்தா செத்திருப்பேன்னு வரைஞ்சிட்ட. சாவாம இருந்திருந்தா எப்படி இருந்திருப்பேன்? ஒரு தடவயாவது அத வரைஞ்சி பாத்தியா?”

இல்லை என்றேன்.

“வரை. எனக்குப் பாக்கணும்.” எழுந்து போய்விட்டாள். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மில்லில் டீ வைக்க முடியும்.

அதை வரைவது ரொம்பச் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன். சிரமமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதே சரி. நாலு நாளில் முடிந்தது. பதினாறு பக்கம். எதுவுமே நடக்காத கதை. ஒரு வாடகை வீடு. அவன் ஷிப்ட் முடிந்து வருகிறான். அவள் பள்ளிக்கூடத்துப் பேப்பர் கட்டைத் திருத்துகிறாள். கேஸ் தீர்ந்ததற்குச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சிலிருந்து வரும் வழியில் கறி வாங்கி வருகிறான். சித்தப்பா ஐந்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பேசுகிறார். பெரும்பாலான வீடுகளில் நடப்பதைத்தான் வரைந்தேன். எந்த இடத்திலும் கை நிற்கவில்லை. இதை வரைய முடியாமல்தான் பதினோரு வருஷம் கத்தியைத் தூக்கிக்கொண்டிருந்தேனா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

பக்கங்களை அவள் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அழைத்தாள். பின்னால் மில் ஓடுகிற சத்தம் கேட்டது.

“பாத்தேன்” என்றாள்.

“எப்படிம்மா இருக்குது?”

“நல்லா இருக்குது. பேப்பர் திருத்தறது நல்லா வந்திருக்குது.” கொஞ்ச நேரம் பேசவில்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, யாருக்கோ டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். “பதினோராவது பக்கத்துல பொங்கலுக்கு நீ சீர் எடுத்துக்கினு எங்க வீட்டுக்கு வர்ற.”

“ஆமாம்மா.”

“அத மட்டும் எடுத்துடு.”

வைத்துவிட்டாள். அன்றைக்கே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பத்தாம் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் பக்கத்துக்குக் கதை பாட்டுக்குப் போயிற்று. நான் இல்லாதது எங்கேயும் தெரியவில்லை.