வேகத்துக்கென்று ஒரு இடம்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபோது, ஊருக்குக் கிளம்பிய ஒரு துரை தன் மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். ஐந்நூறு சிசி வண்டி. அப்போது நான் கடைத்தெருவில் வாப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

வேகம் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் எங்கள் பக்கத்து ரோடுகளில் அந்த வண்டியை முடுக்கியதே இல்லை. அறுவடை சமயத்தில் அம்பகரத்தூர் ரோடு நெடுக நெல்லும் வைக்கோலும் காயும். வைக்கோலில் சக்கரம் ஏறினால் வழுக்கும். வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் யார் குனிந்து நெல் கூட்டுகிறார்கள் என்பதும் தெரியாது. அதனால் மாட்டு வண்டிகளுக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போவேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

நெடுங்காட்டில் ஒரு மிராசுதார் மகன் இருந்தார். என் வயசுதான், அவரிடமும் அதே மாதிரி வண்டி. அவர் வருவதைப் புழுதியை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு நாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்ன பாய், அம்பகரத்தூர் கோயில்லேருந்து காரைக்கால் வரைக்கும் ஒரு ஓட்டம் பாத்துடுவோமா?"

"ரோட்டுல வேண்டாங்க."

"பயமா இருக்கா?"

"ஆமாங்க. குறுக்க யாராவது வந்துட்டா என்ன பண்றதுங்கிற பயந்தான்."

கடையில் சிரிப்புச் சத்தம். அது அடங்கும் வரை காத்திருந்து சொன்னேன். "மெட்ராஸ் பக்கத்துல, சண்டைக் காலத்துல பிளேன் எறங்கப் போட்ட தளம் ஒண்ணு இருக்கு. அங்க ரேஸ் நடத்துறாங்க. நான் பேர் குடுக்கப் போறேன். நீங்களும் வாங்க, அங்க பாத்துக்குவோம்."

நான் நழுவுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஆனாலும் ரோஷக்காரர். தானும் பேர் கொடுத்துவிட்டதாகச் சில நாளில் ஆள் அனுப்பிச் சொன்னார்.

ஒரே ரயிலில் போனோம். எங்கள் இரண்டு வண்டிகளும் சாமான் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. என் மனைவியும் வந்தாள். "ரேஸ் நடக்குற எடத்துல பொம்பளைக்கு என்ன வேலை?" என்று உம்மா கேட்டதற்கு, "மண்ணடியில அக்கா வீட்டுக்குப் போறேன் மாமி" என்று பதில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பந்தயத்தன்று துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, அக்கா வீட்டுக்காரரின் காரில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தளத்தைப் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் சிமெண்ட். ஆடு இல்லை, வண்டி இல்லை, நெல் இல்லை. திருப்பங்களில் தார் டிரம்களை நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அங்கே வண்டி ஓட்ட வந்த எல்லாரும் ஒரே திசையில் போகப் போகிறவர்கள். என் வண்டிக்கு எவ்வளவு ஓட்டம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியப் போகிறது.

கொடி இறங்கியது. நேர்ப்பாதையில் மிராசுதார் மகன் என்னை விட்டுவிட்டு முன்னே போனார். சிமெண்ட் பாளங்களின் இணைப்புகள் சக்கரத்துக்கடியில் தடதடவென்று ஓடின. பெட்ரோல் டாங்கியின் மேல் படுத்துக்கொண்டேன். காற்று சட்டையைப் பிய்த்தது. நான் சிரித்துக்கொண்டிருப்பது பல்லில் தூசி பட்ட பிறகுதான் தெரிந்தது. சுற்றுக்குச் சுற்று அவரை நெருங்கினேன். கடைசிச் சுற்றில், நேர்ப்பாதை முடிகிற திருப்பத்தில் அவர் கை பிரேக்குக்குப் போனதைப் பார்த்தேன். நான் இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். டிரம் என் மேலே வந்து விழுவது போல இருந்தபோது பிடித்தேன். பின்சக்கரம் ஒரு தரம் ஆடியது. பிறகு நேரானது. அவர் எனக்குப் பின்னால் போயிருந்தார். எனக்கு முன்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள், மெட்ராஸ்காரர்கள். மூன்றாவதாக வந்தேன்.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாய், அந்தத் திருப்பத்துல நீங்க பிரேக்கே புடிக்கலியே?"

"புடிச்சேங்க. நீங்க புடிச்சதுக்கு அப்புறம் புடிச்சேன்."

அவர் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் இதை அவரே எல்லாருக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் அடக்கமாகவெல்லாம் இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். அடுத்த வாரமும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் யாரையும் ரோட்டில் ஓட்டத்துக்குக் கூப்பிட்டதாக நான் கேள்விப்படவில்லை. மறுமுறை ரேஸ் எப்போது என்று என்னிடம்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பந்தயத்தன்று சாயங்காலம் நடந்ததை அவர் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்து, தளம் காலியாகிவிட்டது. என் மனைவி காரை விட்டு இறங்கி வந்தாள்.

"மச்சான், என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."

கொடி பிடித்தவரிடம் கேட்டேன். தலையாட்டினார். அவள் துப்பட்டியை இறுக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். பந்தயத்தில் போனதில் பாதி வேகத்தில்தான் விட்டேன். அந்த நேர்ப்பாதையின் நடுவில் என் காதோரம் குனிந்து கேட்டாள்.

"இவ்வளவுதானா?"

கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.