ஆறு வாரம் என்று சொன்னவர்

அக்காவைப் பார்க்க நைனா கனடாவுக்குப் போவது என்று முடிவானபோது, அவரைத் தயார்செய்யும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது. அம்மா இறந்தபின் வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இருவர்தான். அது என் வேலைக்கு நெருக்கமான காரியமும்கூட. சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, செஞ்சியில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் இருக்கிறேன். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்களை, அதிகாரி முன்னால் தடுமாறாமல் பேசப் பழக்குவது என் அன்றாடம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், சொன்னதை மாற்றாதீர்கள் என்பேன். ஒரு வார்த்தை பிசகியதால் மனு தள்ளுபடியாகித் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா அங்கே ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தாள். அவள் கணவருக்கு வேறொரு நகரத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். குழந்தைக்கு ஒரு வயது நெருங்கியிருந்தது. நைனா அதைப் போனில் மட்டுமே பார்த்திருந்தார். விசா கிடைத்துவிட்டது. இனி அந்த ஊர் விமான நிலையத்தில் எல்லை அதிகாரி கேட்கப்போகும் கேள்விகள்தான் பாக்கி.

தினமும் அவர் நிலத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் பயிற்சி தொடங்கும். நான் நாற்காலியில் அதிகாரியாக உட்கார்ந்துகொள்வேன். அவர் எதிரே நிற்பார்.

“எதற்காக வந்திருக்கிறீர்கள்?”

“எம் பொண்ண பாக்க.”

“எத்தனை நாள் தங்குவீர்கள்?”

“அது பாத்துக்கலாம்.”

“பாத்துக்கலாம்னெல்லாம் சொல்லக்கூடாது நைனா. ஆறு வாரம்னு சொல்லு.”

“செருப்பக்கூட கழட்டல, அதுக்குள்ள எப்பப் போவேன்னு கேக்குறான். இன்னா ஊரும்மா அது?”

“அங்கே என்ன செய்வீர்கள்?”

“சும்மாவா உக்காந்துகினு இருப்பேன்? கொயந்தயப் பாத்துப்பேன். சோறு வடிப்பேன்.”

“அதச் சொன்னா வேல செய்ய வந்தன்னு நெனப்பாங்க.”

“பேரப்புள்ளயத் தூக்கறது வேலையா? அப்ப எனக்கு சம்பளம் குடுப்பாங்களா, கேளு.”

செலவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வியில்தான் அவர் அதிகம் திணறினார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒருவேளைக்கு மேல் கை நனைக்கக் கூச்சப்படுகிறவர், ‘என் மருமகன்தான்’ என்று ஊர்பேர் தெரியாத ஒருவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலின்போது தரையைப் பார்த்தார். நான் நிமிர்ந்து பார்த்துச் சொல்லும்படி திருத்தினேன். டீக்கடைக்காரர், “இன்னா மாமா, இந்த வயசுல பரிச்சையா?” என்று கேட்டாராம். “ஆமா, எங்க வாத்தியாரம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

இருந்தும் அவர் வாயிலிருந்து ‘பாத்துக்கலாம்’ போகவில்லை. ஒருநாள் பொறுமையிழந்து, “நீ ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணு செஞ்சா, நாளைக்கு அக்காவோட விசாவப் புதுப்பிக்கும்போது அவளத்தான் கேள்வி கேப்பாங்க. அவ படிப்பே நின்னுபோயிடும்” என்றேன். அதற்கு ஆதாரம் என்று என்னிடம் எதுவும் இல்லை. இணையத்தில் யாரோ எழுதியதைப் படித்திருந்தேன். பயிற்சிக்குக் கொஞ்சம் கனம் சேர்க்கும் என்று தோன்றியது. நைனா அதன்பின் கேலி பேசவில்லை. மறுநாளிலிருந்து எல்லாப் பதில்களும் பிசகாமல் வந்தன. நான் திருப்திப்பட்டேன்.

பொங்கல் முடிந்து போனார். உண்மையில் அங்கே அந்த அதிகாரி எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்ற இரண்டே கேள்விகளைத்தான் கேட்டார். “சிக்ஸ் வீக்ஸ்னேன். சிரிச்சிகினே குத்திட்டாரு” என்று நைனா போனில் சொன்னார். அந்த முத்திரைப்படி அவர் ஆறு மாதம் வரை தங்கலாம் என்று அக்கா சொன்னாள்.

திரும்புவதற்குச் சில நாட்களே இருந்தபோது, அக்கா வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். ஒரு கையால் குழந்தையைத் தூக்க முடியாது, எழுத முடியாது. அவளுக்கு முக்கியமான தேர்வு ஒன்றும் வந்துகொண்டிருந்தது. பயணச்சீட்டின் தேதியை எளிதாக மாற்றலாம். கட்டுப் பிரிக்கும்வரை இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நைனா மறுத்துவிட்டார். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“நீயாவது சொல்லுடி. கேட்டா, ஆபீசர் கிட்ட வாக்கு குடுத்துட்டேன்றாரு. யாருடி அந்த ஆபீசர்? இவருக்குச் சொந்தமா?”

போனை நைனாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“நைனா, ஆறு மாசம் இருக்கலாம். சட்டப்படியே இருக்கலாம்.”

“இருக்கலாம்மா. ஆனா நான் ஆறு வாரம்னுதானே சொன்னேன்?”

“அது சும்மா கேக்கறது. மாத்திக்கலாம்.”

“அப்ப மாத்தக்கூடாதுன்னியே. இப்ப அவளுக்குக் கை ஒடிஞ்சதும் நீ மனசு எளகிப் பேசற. கை சேந்துடும். படிப்பு போனா வருமா?” என்றவர், குரலைத் தாழ்த்தி, “அவகிட்ட இதச் சொல்லாத. பயந்துக்குவா” என்றார்.

நான் வேறு விதங்களிலும் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னது வெறும் ஊகம் என்றுகூடச் சொன்னேன். அவரைப் பொறுத்தவரை, பயிற்சியில் கண்டிப்பாகச் சொன்ன நான்தான் விவரம் தெரிந்தவள். இப்போது கெஞ்சுகிற நான் அக்காவின் தங்கை. இரண்டாமவளை அவர் நம்பவில்லை. ஊரில் நான் பழக்கி அனுப்புகிறவர்களும் இப்படித்தான் என் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்களோ என்று அன்று நினைத்தேன்.

சொன்ன தேதியில் கிளம்பிவிட்டார். அக்கா அந்தத் தேர்வைத் தள்ளிப்போட்டாள். அவள் கணவர் சம்பளமில்லாத விடுப்பில் வந்து சில வாரம் இருந்தார். ‘இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கலாம்’ என்று அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள், நைனாவிடம் சொல்லவில்லை. அவரோடு பேசும்போது அவள் குரலில் இப்போதும் ஒரு மரியாதையான தூரம் இருக்கிறது. நைனா தன்னிடம் இருக்கப் பிடிக்காமல் போனார் என்று நினைக்கிறாள். நடந்ததை நான் அவளுக்கு எழுதத் தொடங்கிய ஒவ்வொரு முறையும், அவள் உடனே அவரைக் கூப்பிட்டு, “ஒண்ணும் ஆயிருக்காதே நைனா” என்று சொல்லிவிடுவாள் என்று தோன்றி நிறுத்திவிடுகிறேன். எழுதாவிட்டால் அவளுக்கு வருத்தம், எழுதினால் வீணாகத் திரும்பி வந்தோமே என்று அவருக்கு. எது சிறியது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் அவளுடைய விசா புதுப்பிக்கப்பட்டது. அந்தச் செய்தியைச் சொன்னபோது நைனா கேணிமேட்டில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏதாச்சும் கேட்டாங்களாமா?”

“ஒண்ணும் கேக்கலயாம் நைனா.”

“கேக்க மாட்டாங்க. நாம சொன்னபடி வந்துட்டோம் இல்ல” என்றார். தண்ணீர் வாய்க்காலில் விழத் தொடங்கியது. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்து நாளாகியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு, மடை திருப்ப அவருக்கு முன்னால் நடந்தேன்.