கடலுக்கு விட்ட இடம்

சுனாமி எங்கள் கல்முனை வீட்டை அடியோடு கொண்டுபோன பிறகு, கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் கட்டடக் கலைஞர்தான் எங்களுக்குப் புது வீடு வரைந்தார். ஆளுயரத்துக்கு மேலான தூண்களில் வீட்டைத் தூக்கி வைத்தார். கீழே ஒரு சுவரும் இல்லை. உலகத்துப் பெரிய கட்டடக் கலைஞர்கள் வீட்டைத் தூணில் நிறுத்தியது காற்றுக்கும் தோட்டத்துக்கும் இடம் விட; நான் கடலுக்கு இடம் விடுகிறேன் என்றார். ஒரு புத்தகத்தில் மெல்லிய தூண்களில் நிற்கும் வெள்ளை வீடுகளைக் காட்டினார்.

“கொக்கு மாதிரியெல்லோ நிக்குது” என்று என் கூடப்பிறந்த ராத்தா சிரித்தாள். எனக்கோ அந்த வீடுகள் மிகவும் பிடித்துப்போயின. சுவரைக் குறைத்தே வீட்டை அழகாக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். புது வீடு மூத்தவளான ராத்தாவுக்குப் போனது. எனக்காக வாப்பா காணி தேடி அலைந்தார். கடற்கரையில் இனிக் கட்டவிடமாட்டார்கள். ஊருக்குள் விலை நெருப்பு. யுத்தம் முடிந்த வருஷம் எனக்கு ஒரு நல்ல சம்பந்தம் சரிவந்தது. வாப்பா தூண்களுக்கு நடுவே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த கிழமை எனக்குக் கீழ்வீடு கட்டச் சீமெந்துக் கல் வந்து இறங்கியது.

தான் வரைந்த வீடுகளைப் பார்க்க அந்தக் கட்டடக் கலைஞர் திரும்பவும் வந்தபோது, கடல் பக்கம் மட்டும்தான் அடைபடாமல் இருந்தது. அவருடைய முகம் செத்துப்போனது.

“ஐயா, தண்ணி போற வழியை அடைச்சிட்டீங்களே. அலை வந்தா சுவரோட சேர்த்துத் தூணையும் தள்ளும். மேல இருக்கிறவங்களும் போயிடுவாங்க.”

“அல எப்ப வரும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் மிஸ். மாப்பிள்ள வாற மாசம் வாறார்” என்றார் வாப்பா.

கட்டடக் கலைஞர் அதற்கும் ஒரு வழி சொன்னார். கடல் பக்கத்தையும், சுவரை எடுத்துவிட்டு அதற்கு எதிர்ப்பக்கத்தையும் பலகையால் அடையுங்கள், அலை வந்தால் பலகை கழன்று போகும், தூண் நிற்கும் என்றார்.

“பலக வீட்டக் குடுத்தா, மகளப் பெட்டிக்கடைக்குள்ள இருத்தினதாக் கதைப்பாங்க மிஸ்.”

எனக்கு வாப்பா மேல் அல்ல, அவர் மேல்தான் கோபம் வந்தது. அந்தப் புத்தகத்து வீடுகளில் கலியாணத்துக்கு நிற்கும் தங்கச்சி ஒருத்தியும் இல்லைப்போலும். கல்லாலேயே சுவர் எழும்பியது. என் கலியாணமும் குறையில்லாமல் நடந்தது.

எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகு, ஒரு பின்னேரம் தரை ஆடியது. சுனாமி வருகிறதென்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். ராத்தா மேலே நின்று கத்தினாள்.

“மேல வா புள்ள! கெதியா வா!”

வீட்டைத் தூக்கிக் கட்டியதே அதற்குத்தானே. ஆனால் முதற்படியில் வைத்த கால் எனக்கு மேலே ஏறவில்லை. என்னைச் சுற்றிக் கட்டிய சுவர்தான் அவளையும் விழுத்தப்போகிறது என்று நினைத்தேன்.

“நீ இறங்கு ராத்தா! அல வந்தா வீடு நிக்காது!”

பிள்ளைகளோடு இறங்கி ஓடினோம். அன்றைக்குக் கடல் வரவில்லை. திரும்பி வந்ததும் நான் வாப்பாவிடம் போனேன். எங்களில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். புருஷன்கூட அதில் கைவைக்க முடியாது.

“சுவர உடைச்சிட்டுப் பலக அடிப்பம் வாப்பா. வீடு என்டதானே.”

“ஓம் மகள், உன்டதான்” என்றார். பிறகு என் இடுப்பில் தூங்கிப்போயிருந்த மகளின் தலையைத் தடவினார்.

“இவட கலியாணத்துக்கும் பலக வீட்டையா குடுக்கப் போறாய்?”

கடல் பக்கத்துச் சுவர் இன்னும் நிற்கிறது.