தேங்காய் சட்னியில் கடலை

என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. மூன்று வயதில் கடலை மிட்டாயை ஒரு கடி கடித்ததற்கே உதடு வீங்கி, மூச்சு இரைத்து, திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்கப்புறம் ஆறு வருஷம் நாங்கள் எந்த ஓட்டலிலும் கை நனைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் உதிரி பாகங்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. கூட வேலை செய்யும் பெண்தான் அந்த ஆப்பைக் காட்டினாள். மெனு கார்டைப் படம் எடுத்தால், கடலை இருக்கக்கூடிய அயிட்டத்தைச் சிவப்பில் காட்டும். மெஷின் சரி என்று சொன்ன பாகத்தையே கையில் எடுத்து ஒரு தடவை பார்க்கிறவள் நான். போன் சொல்வதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஹைவே ஓரத்து ஓட்டலுக்குப் போனோம். மெனுவைப் படம் எடுத்தேன். குருமா சிவப்பு. தோசைக்கும் தேங்காய் சட்னிக்கும் சிவப்பு இல்லை. இருந்தாலும் சப்ளையரைக் கேட்டேன்.

"தேங்கா சட்னில தேங்காதான்க்கா. இன்னாத்துக்கு பயந்துகினு கீறீங்க?"

"மாஸ்டரைக் கேக்கணும்பா."

"அவரு பீகார்காரரு. தமிழ் வராது."

"போனுக்கு ரெண்டும் வரும்," என்று எழுந்தேன்.

"எல்லாரும் பாக்குறாங்க, உக்காரு," என்றார் கணவர். நான் உட்காரவில்லை.

சமையலறை வாசலில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்தேன். என்னோடு வந்த மகள் போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணா, வேர்க்கடலை துன்னா எனக்கு மூச்சு வராது. சட்னில போட்டீங்களா?"

போன் இந்தியில் சொன்னது. மாஸ்டரின் கரண்டி நின்றது. அவர் மெல்லப் பேசினார். போன் தமிழில் ஒப்பித்தது: "ஆம். இன்று தேங்காய் குறைவு. நிலக்கடலை சேர்த்து அரைத்தேன்."

பின்னாலேயே வந்திருந்த சப்ளையர் கையிலிருந்த சட்னி வாளியைக் குனிந்து பார்த்தார்.

"எண்ணெய்?" என்று மகளே அடுத்ததையும் கேட்டாள். அவர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். சோப்புப் போட்டுக் கை கழுவி, தனியாக ஒரு கல்லைத் தேய்த்துக் கழுவி, தோசை வார்த்தார். மகள் சர்க்கரை தொட்டு இரண்டு தோசை சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

நாங்கள் கிளம்பும்போது, பக்கத்து மேஜையில் சட்னி ஊற்றப்போன சப்ளையர் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இதுல கடலை போட்டுக்குது. பரவால்லியா?"