இருபது பவுண்டு நரம்பு

லிஃப்ட்டக்கா சமையலறை மேஜையில் மட்டையைப் போட்டு, கத்தரிக்கோலால் அதன் நரம்புகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று, அப்படியே வெளிப்பக்கமாக. பூப்பந்து மட்டையில் ஒரு நரம்பு அறுந்தால் மிச்சத்தை விட்டுவைக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் சட்டம் கோணிப்போகும். இது அவளுக்குத் தெரியும். கட்டி ஒரு வாரம்கூட ஆகாத நரம்பு ஏன் படீரென்று தெறிக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

கத்தரிக்கோலை அழுத்தும்போது வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்றது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்ன, மறுபடியும் மொட்டையா?" என்று கேட்டபடி வந்தார் வீட்டுக்காரர்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. கை எனக்கில்ல போகுது?"

"நான் என்ன பண்ணட்டும்? கட்டுறவன் எவனும் சரியில்ல. நானும் கடை கடையாத்தான் அலையுறேன்."

அலைந்தது உண்மைதான். அதை அவளால் மறுக்க முடியவில்லை.

அவள் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, அங்கிருந்து திரும்பவும் படுக்கைக்கு என்று நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை. முதலில் நாற்காலியின் சக்கரத்தைப் பூட்டுவாள். அவர்கள் இடுப்பில் பட்டையைக் கட்டி, தன் காலை அவர்கள் கால்களுக்கு நடுவே ஊன்றி, "எந்திரிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவாள். கேட்காமல் தூக்கினால் பயத்தில் கழுத்தைப் பிடித்துத் தொங்கிவிடுவார்கள். அவள் கையிலிருந்து யாரும் நழுவி விழுந்ததில்லை. அந்த இல்லத்துக் கட்டடத்தில் மின்தூக்கி பாதி நாள் ஓடாது. அதைக் கிண்டல் செய்த ஒரு பெரியவர்தான் இவளுக்கு லிஃப்ட்டக்கா என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தவர் போய்விட்டார், பெயர் நின்றுவிட்டது.

பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வெளியூர் போனதும், நாத்தனார்தான் அவளைப் பூப்பந்து ஆட இழுத்துக்கொண்டு போனாள். "வீட்ல எங்க அண்ணன் மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கப் போறீங்களா அண்ணி? வாங்க." நீச்சல் குளத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஆட்டக்கூடம். பெண்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம். நாத்தனாரும் அவளும் ஜோடி. முதல் மாதம் பந்து எங்கே வருகிறது என்றே தெரியவில்லை. பிறகு ஓங்கி அடிக்கக் கற்றுக்கொண்டாள். ஓங்கி அடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நாள் முழுக்க எல்லாவற்றையும் மெதுவாகவே செய்கிறவளுக்கு அது கூடுதலாகவே இருந்தது.

அப்புறம்தான் முழங்கை வலி. இல்லத்துக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் கையை மடக்கி, விரித்து, ஓர் இடத்தில் அழுத்தினார். அவள் எம்பிவிட்டாள்.

"இது டென்னிஸ் எல்போ, அக்கா."

"நான் டென்னிஸ் ஆடலையே."

"அது ஆட்டம் பார்த்து வர்றதில்ல. மட்டையைக் கொண்டாங்க பார்ப்போம்." நரம்பை நகத்தால் தட்டிப் பார்த்தார். மேளம் மாதிரி ஒலித்தது. "இவ்வளவு விறைப்பா கட்டினா ஒவ்வொரு அடியும் நேரா முழங்கைக்குத்தான் வரும். இருபது பவுண்டுக்கு மேல போகாதீங்க. இதே மாதிரி ஆடினா, ஆட்டத்தையும் விடணும், ஆளைத் தூக்குறதையும் விடணும்."

மேற்பார்வையாளரம்மா காதில் இது விழுந்துவிட்டது. "துணி அறையில ஓர் ஆள் தேவைப்படுது. கை முடியலைன்னா சொல்லுங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் துணி அறை என்பது ஜன்னல் இல்லாத இடம். போர்வையை மடித்து அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். போர்வை பேசாது, திட்டாது, பெயரும் வைக்காது.

ஆக, தேவை ஒன்றே ஒன்று. மட்டைக்கு இருபது பவுண்டில் நரம்பு கட்டித் தர ஓர் ஆள். பவுண்டு என்பது நரம்பை எவ்வளவு பலத்தோடு இழுத்துக் கட்டுகிறார்கள் என்பதன் கணக்கு. கூடினால் விறைப்பு, குறைந்தால் தளர்வு. இதில் என்ன கஷ்டம்?

அவள் வேலை முடிந்து வரும்போது கடைகளில் அந்த வேலை செய்கிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதனால் கொண்டுபோய்க் கொடுப்பது, வாங்கி வருவது எல்லாம் வீட்டுக்காரர். பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அவர்தான் வாங்குவார். சந்தோஷமாகவே வாங்குவார்.

முதலில் விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரர் தானே கட்டுவதாகச் சொல்லிவிட்டு, எங்கேயோ அனுப்பி வாங்கினார். வந்தது கல் மாதிரி இருந்தது. தொலைபேசியில் கேட்டால், "மெஷின்ல போட்டது மேடம், மெஷின் தப்பு பண்ணாது" என்று பூசி மெழுகினார்.

அடுத்தது ஆட்டக்கூடத்துப் பயிற்சியாளர். வீட்டில் கருவி வைத்திருந்தார். அவரிடம் எப்போது கேட்டாலும் நாளைக்குத்தான். நாத்தனார் அவருக்கு 'நாளைக்கு சார்' என்றே பெயர் வைத்துவிட்டாள். ஒருவழியாகத் தந்தபோது அது வேறு யாருடைய மட்டையோ. அதை மாற்றி வாங்க இன்னும் பல நாளைக்குகள். அதுவும் விறைப்புதான்.

மூன்றாவது, மட்டைக்கு நரம்பும் கட்டித் தருகிற செல்போன் ரிப்பேர் கடைக்காரர். வேலை சுத்தம், முடிச்சுகள் கச்சிதம். ஆனால் மட்டை மேளம்தான். இந்த முறை விடுப்புப் போட்டுவிட்டு அவளே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள்.

"இருபதுன்னு சொல்லி அனுப்பினேன்ல? காது கேக்காதா?"

"நீங்க கேட்டதுதான் போட்டேன்மா."

"நான் கேட்டதா?"

"உங்க வீட்ல கேட்டது."

"வீட்டு மேல பழியைப் போடாதீங்க!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் கட்டியதுதான் இப்போது மேஜையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

நாத்தனார் அன்று மாலை வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "சாவி செய்யற கடைல ஓர் அம்மா கட்டுறாங்களாம். வாய் கொஞ்சம் நீளமாம். ஆனா சொன்னது சொன்னபடி வருமாம்."

"இதுவும் சரிவரலைன்னா நீ வேற ஜோடி பார்த்துக்கோ. எனக்கு ஆட்டமும் வேணாம், இந்தத் தலைவலியும் வேணாம்."

"ஐயோ அண்ணி, உங்களை விட்டா எனக்கு யாரு? எதிர்ல நிக்கிறவங்களை ஒரே அடில பயமுறுத்துறது நீங்க மட்டும்தான்."

"அந்த அடிதான் என் கையைத் தின்னுது."

இம்முறை எச்சரிக்கையாக, லிஃப்ட்டக்கா சாவிக்கடைக்கு முன்கூட்டியே போன் செய்தாள். "இருபது. இருபதுக்கு ஒரு நூல்கூட மேல வேணாம்" என்றாள். அந்த அம்மா, "ஒரு தடவை சொன்னா போதும்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் வீட்டுக்காரர் மட்டையோடு கிளம்பினார்.

மதியம், சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"இருபதுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க. கட்டியாச்சா?"

"என்னத்தக் கட்டுறது? ஓர் ஐயா வந்தார். நரம்புக்கு எவ்வளவு டென்ஷன்னு கேட்டேன். 'எங்க வீட்டுல டென்ஷனுக்குக் குறைவே இல்ல, நீ தாராளமா இருபத்தாறு போடு'ன்னார். போட மாட்டேன்னேன். 'அதே காசு, கொஞ்சம் கூடப் போட்டா உனக்கு என்ன தேஞ்சா போகுது?'ன்னு சண்டை. வெளியே போங்கன்னுட்டேன். மட்டையத் தூக்கிட்டுப் போயிட்டார். நீங்க காத்திருப்பீங்கன்னுதான் சொல்றேன். உங்க வீட்டு மட்டையே எனக்கு வேணாம், சரியா?"

போன் கட் ஆயிற்று. லிஃப்ட்டக்கா கையில் இருந்த தட்டை மெதுவாக வைத்தாள். போட்டு உடைத்தால் அதைக் கூட்டிப் பெருக்குவதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் முகமெல்லாம் பல். மட்டை மேஜையில் பளபளவென்று இருந்தது. நாத்தனாரும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சாவிக்கடைப் பொம்பளைக்குத் திமிர்மா. நான் விடுவேனா? பழைய விளையாட்டுக் கடைக்கே போய், அவர் அனுப்புற இடத்துக்கும் கூடவே போய் நின்னு கட்டி வாங்கிட்டேன். தட்டிப் பாரு!"

அவள் தட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"கடையில என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான்."

"இருபதுன்னு சொன்னீங்களா?"

"இருபதுன்னுதான் ஆரம்பிச்சேன்."

"ஆரம்பிச்சீங்களா?"

"அப்புறம் கொஞ்சம் கொசுறு கேட்டேன். எல்லாக் கடையிலயும் அப்படித்தானே கேப்பேன்? முப்பது வருஷம் கிடங்குல சரக்கு எடுத்தவன் நான். இருபதுன்னு எழுதினா பதினேழுதான் உள்ள இருக்கும். இருபத்தாறு கேட்டாத்தான் இருபதாவது தேறும். உனக்கு நஷ்டம் வரக் கூடாதுன்னுதான்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பவுண்டுன்னா என்னன்னு நினைச்சீங்க?"

"எடைதான். வேற என்ன?"

"எதோட எடை?"

"நரம்போட எடை."

"இருபது பவுண்டு நரம்பை இந்த மட்டையில சுத்தினா, அதை என்னால தூக்க முடியுமா?"

அவர் மட்டையைப் பார்த்தார். முதல்முறையாக யோசிப்பது தெரிந்தது. "நீதான் ஆளையே தூக்குறியே" என்றார்.

நாத்தனார் வெடித்துச் சிரித்து மேஜையில் கவிழ்ந்துவிட்டாள். "அண்ணா! நீ வாங்கின கொசுறு பூராவும் அண்ணி முழங்கைல இருக்குண்ணா!"

லிஃப்ட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதம் கட்டுகிறவர்கள் ஒவ்வொருவரையும் திட்டியது, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, துணி அறையை நினைத்துப் பயந்தது எல்லாம் இந்த மனிதர் ஆசை ஆசையாக வாங்கி வந்த கூடுதல் பவுண்டுகளால். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

இழுத்துக் கட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கினாள். கிடங்கு உதாரணம் சொன்னால்தான் அவருக்குப் புரியும். "ஒரு போல்ட்டை முறுக்குற மாதிரி. அளவுக்கு மேல முறுக்கினா என்ன ஆகும்?"

"மரை தேஞ்சிடும்" என்றார் உடனே. சொன்ன பிறகு அவர் முகம் தொங்கிவிட்டது. "முன்னாடியே போல்ட்டுன்னு சொல்லியிருக்கலாம்ல நீ?"

"நாளைக்குக் காலையில நீங்களும் வர்றீங்க. அந்த அம்மா முன்னாடி நின்னு மன்னிப்புக் கேக்குறீங்க."

"அது வந்து... அவங்க என்னை 'வெளியே போ'ன்னாங்க."

"வெளியவே நின்னு கேளுங்க."

மறுநாள் காலை, வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கிக்கொண்டு, அவரை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனாள். வழியில் செல்போன் கடை இன்னும் திறக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று வேகமாகக் கடந்தாள். திட்டியதற்கு அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க இன்னொரு நாள் தைரியம் வேண்டும்.

சாவிக்கடை ஓர் ஆள் திரும்பினால் மறு ஆள் ஒதுங்க வேண்டிய அளவு. அந்த அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தும் சாவி அரைப்பதை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேல் அவர் கத்தித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அரைத்து முடித்து மட்டையை வாங்கினாள். நரம்பை விரலால் அழுத்தினாள், சட்டத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "நேத்துக் கட்டினதா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினாள். புது நரம்பு அறுபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் வெளியே நின்ற வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"சட்டம் லேசா அகண்டிருக்கு. இருபது வேணாம். பத்தொன்பதுதான் போடுவேன்."

"போடுங்க."

"ஐயாவுக்குச் சம்மதமா?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். லிஃப்ட்டக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

கட்டி முடியும்வரை லிஃப்ட்டக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மட்டையை வாங்கி உள்ளங்கையால் தட்டினாள். மொத்தென்று சோம்பலாக ஒரு சத்தம். முழங்கை வலித்துக்கொண்டுதான் இருந்தது. அது நரம்பு மாற்றியதும் போகிற வலி இல்லை, ஆற நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். கடை வாசலிலேயே நின்று நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"சாயந்திரம் வர்றேன். ஆனா ஓங்கி அடிக்கிறது எல்லாம் இனி நீ. நான் வலைகிட்ட நின்னு தட்டி விடுறேன்."

"எனக்கு அடிக்க வராதே அண்ணி!"

"கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, மட்டையை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் தானே தோளில் மாட்டிக்கொண்டு இல்லத்துக்குப் பேருந்து ஏறினாள்.